மெகாஹெர்ட்ஸைக் கடைசியாகக் கேளுங்கள்

மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி ஆசிலாஸ்கோப். குறைந்த விலையில் அதில் ஒன்று வாங்கலாம் என்று யார் பேச்சை எடுத்தாலும் அடுத்த நொடி வந்து விழுகிற கேள்வி, "எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" என்பதுதான். சிங்கப்பூரின் சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளில் காதால் கேட்டிருக்கிறேன். மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கொண்ட நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் மாதம் தவறாமல் அது எழும். சென்ற ஆண்டு என் அக்கா மகளும் அதையே கேட்டாள். விற்பவர்களும் அந்த எண்ணைத்தான் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்கள். 50-ஐவிட 100 நல்லது, 100-ஐவிட 200 நல்லது என்று வரிசை பிடித்து, கையில் உள்ள வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) எந்தப் பெரிய எண் கிடைக்கிறதோ அதை வாங்கிவிடுகிறார்கள். இந்தக் கேள்வி என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பேண்ட்வித், அதாவது அந்த மெகாஹெர்ட்ஸ் எண், முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டு மேசையில் உட்கார்ந்து சுற்றுகளைக் கட்டுகிற ஒருவருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த எண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. பணம் அந்த எண்ணுக்குப் போய்விட்டால், உண்மையில் தேவைப்படும் இடத்தில் கருவி கைவிட்டுவிடும்.

இதை எத்தனையோ முறை வாயால் விளக்கிப் பார்த்திருக்கிறேன். யாரும் தலையாட்டுவார்களே தவிர, நம்பியதாகத் தெரியவில்லை. அக்கா மகளின் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கருவிதான் அதைத் திரையிலேயே காட்டியது.

கறிவேப்பிலைக்கு வந்த சோதனை

அவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் அக்கா வைத்திருக்கும் கறிவேப்பிலை, துளசி, வெற்றிலைத் தொட்டிகளுக்குத் தானாகத் தண்ணீர் ஊற்ற ஒரு கருவி கட்டியிருந்தாள். வைஃபை உள்ள சிறு கணினிப் பலகையான ஈஎஸ்பி32, மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரி, சிறிய 5 வோல்ட் பம்பு, அதை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு மாஸ்ஃபெட் (மின்னணுச் சுவிட்ச்). அனைத்துக்கும் சேர்த்து ஒரே கைப்பேசிச் சார்ஜர். அதிலிருந்து ஜன்னல் கம்பி வழியாக வெளியே நீளும் மெல்லிய யூஎஸ்பி கேபிள். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் எப்போதாவது, எந்த ஒழுங்கும் இல்லாமல், பலகை தானே அணைந்து மறுபடியும் தொடங்கிவிடும். ஒரு நாள் முழுக்கச் சரியாக இருக்கும், மறுநாள் காலையில் இரண்டு முறை விழும்.

மல்டிமீட்டரை வைத்தால் பலகை ஓட வேண்டிய 3.3 வோல்ட் அசையாமல் நின்றது. கணினியில் வரும் செய்தி மின்னழுத்தம் விழுந்ததால் பலகை தன்னை மீட்டமைத்துக்கொண்டது என்று சொன்னது. எப்போது விழுந்தது, எதனால் விழுந்தது என்று அந்தச் செய்திக்குத் தெரியாது. பம்பு தொடங்கும்போது மின்னோட்டம் அதிகமாகும் என்பது அவள் ஊகம். அப்படியானால் பம்பு ஓடும் ஒவ்வொரு முறையும் விழ வேண்டுமே, ஏன் சில முறை மட்டும் விழுகிறது என்பதற்கு அவளிடம் பதிலில்லை. வகுப்புத் தோழி ஒருத்தியிடம் கையடக்க ஆசிலாஸ்கோப் ஒன்றை இரவல் வாங்கிவந்திருந்தாள். நூறு வெள்ளிக்கும் குறைவான விலை, பெட்டியில் 100 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. அதை 3.3 வோல்ட் கம்பியில் மாட்டி, பம்பு தொடங்குவதும் ஓடுவதும் முழுதாகத் தெரியும்படி திரையை விரித்து வைத்தாள். கோடு லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். பலகை விழுந்த நேரத்திலும் அந்தக் கோட்டில் பள்ளம் எதுவும் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். பம்பு தொடங்கி நிலைக்கு வருவதை முழுதாகப் பார்க்க, திரையில் ஏறக்குறைய 300 மில்லி விநாடி விரிய வேண்டும். அந்தக் கையடக்கக் கருவி ஒரு சேனலுக்கு, அதாவது அளக்கும் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும், சேமிப்பது சில ஆயிரம் புள்ளிகள். 3000 என்று வைத்துக்கொள்வோம். 300 மில்லி விநாடியை 3000-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 100 மைக்ரோ விநாடி. அதைவிடக் குறுகிய பள்ளம் இரு புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால் கருவியைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. முன்பகுதி மின்சுற்று எத்தனை மெகாஹெர்ட்ஸைத் தாங்கினாலும் இதில் உதவாது. சரி, திரையைச் சுருக்கி மைக்ரோ விநாடிகளைப் பெரிதாக்கிப் பார்க்கலாமே என்றால், அப்போது பள்ளம் தெரியும், அதற்கு முன்னால் பம்பு என்ன செய்துகொண்டிருந்தது என்பது திரைக்கு வெளியே போய்விடும். காரணமும் விளைவும் ஒரே படத்தில் அகப்படாது.

மறுவாரம் சாமான்களோடு என் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் இருப்பது ரிகோல் டிஎஸ்1054இசட், நான்கு சேனல், 50 மெகாஹெர்ட்ஸ். தோழியின் பெட்டியில் இருந்த எண்ணில் பாதி. "மாமா, இதில் குறைவாகத்தானே இருக்கிறது?" என்றாள். முதல் சேனலை 3.3 வோல்ட்டில் வைத்தோம். இரண்டாவதை யூஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட்டில், மூன்றாவதை, பம்பை ஓட்டும் ஆணை வரும் மாஸ்ஃபெட்டின் கேட் முனையில். எப்போது படம் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் டிரிகரை முதல் சேனலில் வைத்து, இறங்கும் விளிம்பு, 2.8 வோல்ட், ஒரே முறை பிடித்து நிறுத்து என்று அமைத்தோம். நினைவகத்தை அதன் உச்சத்துக்கு ஏற்றினோம். பிறகு அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கைத் தின்றுகொண்டு காத்திருந்தோம். பம்பு ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. கருவி ஒன்றும் சொல்லவில்லை. திடீரென்று ரன் பொத்தானின் விளக்கு சிவப்பானது, திரை உறைந்து நின்றது.

படத்தில் எல்லாம் இருந்தது. மூன்றாவது சேனலில் கேட் சட்டென்று உயர்கிறது. அதே கணத்தில் இரண்டாவது சேனலில் 5 வோல்ட் சரிந்து 4.3-க்குப் போகிறது. பம்பு சுழன்று வேகம் பிடிக்கும்வரை அது மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறது. முதல் சேனலில் 3.3 கொஞ்சம் தணிந்து நிற்கிறது, ஆனால் பலகை தாங்கிக்கொள்கிறது. அந்தச் சரிவின் நடுவில், மயிரிழை போல ஒரே ஒரு செங்குத்துக் கோடு கீழே இறங்கியிருந்தது. அதைப் பெரிதாக்கச் சொன்னேன். அவள் குமிழைத் திருகத் திருக, மயிரிழை அகன்று தெளிவான பள்ளமாக விரிந்தது. சரிந்து, அடியில் கொஞ்சம் தடுமாறி, 2.5-க்கும் கீழே போய்ச் சேர்ந்திருந்தது. மொத்தமே 100 மைக்ரோ விநாடிக்குள். அவள் குமிழை விட்டு, மறுபடி முழுப் படத்துக்குப் போய், மறுபடி பெரிதாக்கி, இப்படியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மயிரிழைதான் வைஃபை. ஈஎஸ்பி32 வைஃபையில் தகவல் அனுப்பும்போது 240 மில்லி ஆம்பியர்வரை இழுக்கும் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. மின்வழங்கி 500 மில்லி ஆம்பியராவது தரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. அவளுடைய பலகையில் 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் சில்லு ஏஎம்எஸ்1117. அதற்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இடையே ஏறக்குறைய 1.1 வோல்ட் வித்தியாசம் வேண்டும். மெல்லிய கேபிளும் பம்பும் சேர்ந்து 5 வோல்ட்டை 4.3-க்கு இறக்கியபோதே சில்லு விளிம்புக்கு வந்துவிட்டது. பம்பு மட்டும் தொடங்கினால் பலகை பிழைத்துக்கொள்ளும். வைஃபை மட்டும் அனுப்பினாலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டும் தற்செயலாக ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் விழும். ஒழுங்கற்றுத் தோன்றியதன் காரணம் இதுதான். பம்புக்குத் தனிக் கேபிள், பலகைக்கு அருகில் 1000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, பம்பு தொடங்கிய முதல் அரை விநாடி வைஃபையில் எதையும் அனுப்பாதே என்று நிரலில் ஒரு வரி. கறிவேப்பிலை இப்போது செழிப்பாக இருக்கிறது.

இந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்க எத்தனை மெகாஹெர்ட்ஸ் தேவைப்பட்டது? ஒரு மெகாஹெர்ட்ஸே தாராளம். தேவைப்பட்டவை வேறு: ஒரு முறை மட்டும் நடப்பதைப் பிடித்து நிறுத்தும் நம்பகமான டிரிகர், விரிந்த படத்தையும் நுண்ணிய விவரத்தையும் ஒன்றாக வைத்திருக்கும் நினைவகம், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய சேனல்கள்.

அப்படியானால் அந்த எண் எதற்கு

பேண்ட்வித் என்பது, உள்ளே போகும் சைன் அலையின் உயரம் 70.7 விழுக்காடாகக் குறைந்து தெரியும் அதிர்வெண். 100 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 100 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பார்த்தால் உயரத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஏற்கெனவே காணாமல் போயிருக்கும். சதுர அலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உதவும். 0.35-ஐ பேண்ட்வித்தால் வகுத்தால், கருவியால் காட்டக்கூடிய மிக வேகமான ஏற்றம் கிடைக்கும். 50 மெகாஹெர்ட்ஸுக்கு 7 நானோ விநாடி, 100-க்கு 3.5 நானோ விநாடி.

இனி நம் மேசைக்கு வருவோம். பாட்டுப் பெருக்கி கட்டுகிறவருக்கு 20 கிலோஹெர்ட்ஸ் எல்லை. சர்வோ மோட்டாருக்கு விநாடிக்கு 50 துடிப்பு. உணரிகள் பேசும் ஐ2சி வழக்கமாக 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸ். 115200 வேகத்தில் ஓடும் தொடர்நிலைத் தொடர்பில் ஒரு பிட் ஏறக்குறைய 8.7 மைக்ரோ விநாடி. வண்ண எல்இடி சரங்கள் 800 கிலோஹெர்ட்ஸ். சுவிட்சிங் மின்வழங்கிகள் சில நூறு கிலோஹெர்ட்ஸிலிருந்து இரண்டு மெகாஹெர்ட்ஸ்வரை போகும், விளிம்புகள் இன்னும் வேகமானவை. இவற்றுக்கெல்லாம் உண்மையான 50 மெகாஹெர்ட்ஸ் போதும், 70 இருந்தால் நிம்மதி. வானொலிச் சுற்றுகளில் இறங்குகிறவர்களும் மிக வேகமான டிஜிட்டல் விளிம்புகளை அளப்பவர்களும் வேறு வகை. அவர்கள் 100-க்கு மேல் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

"உண்மையான" என்று அழுத்திச் சொல்கிறேன். மலிவான கையடக்கக் கருவிகள் சிலவற்றில் பெட்டியின் எண்ணுக்கும் திரையில் தெரிவதற்கும் பெருந்தூரம். கூர்மையாகத் தெரிய வேண்டிய சதுர அலை முனை மழுங்கித் தெரிந்தால், கெட்டது சுற்றா கருவியா என்று சொல்ல முடியாது. புதிதாகக் கற்பவரை இதைவிட அலைக்கழிப்பது வேறில்லை. "முதலில் மலிவானதை வாங்கிப் பழகு, பிறகு நல்லதை வாங்கலாம்" என்கிற அறிவுரையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். தான் பார்ப்பதை நம்பலாமா என்று இன்னும் தெரியாதவருக்குத்தான் நம்பகமான கருவி முதலில் வேண்டும். அனுபவசாலி மோசமான கருவியின் பொய்யைக் கழித்துப் பார்த்துக்கொள்வார்.

மலிவானவற்றில் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன். டிஎஸ்ஓ138 என்று சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் பற்றவைப்புப் பெட்டகம். 200 கிலோஹெர்ட்ஸ்தான், அதை மறைக்காமல் சொல்லித்தான் விற்கிறார்கள். தானே பற்றவைத்துக் கட்டி, ஒலி அலைகளைப் பார்த்து மகிழ அது அருமையான பொருள்.

பழைய அனலாக் கருவிகளையும் நான் மதிக்கிறேன். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை அங்கே பழைய மீட்டர்களும் ஆசிலாஸ்கோப்களும் தரையில் விரித்த துணியில் கிடக்கும். இப்போது பழைய பொருள்களை இணையத்தில் விற்கும் கரோசலில் 20 மெகாஹெர்ட்ஸ், இரு சேனல் அனலாக் கருவிகள் வருகின்றன. அவற்றில் அலை ஓடும் அழகு தனி, குமிழைத் திருகியவுடன் தயக்கமில்லாமல் மாறும். ஆனால் அவை எதையும் நினைவில் வைக்கா. அக்கா மகளின் பள்ளம் அதன் திரையில் மின்னி மறைந்திருக்கும், அல்லது கண்ணுக்கே தெரிந்திருக்காது. வீவக படுக்கையறை மேசையில் அந்தப் பெருத்த பெட்டிக்கு இடம் தேடுவதும் எளிதல்ல.

பணத்தை எங்கே போடுவது

ஐ2சி, எஸ்பிஐ போன்ற டிஜிட்டல் பேச்சுகளைப் படித்துச் சொல்வதற்காக மட்டும் ஆசிலாஸ்கோப் வாங்க வேண்டாம். எட்டுச் சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் இருபது வெள்ளியை ஒட்டிய விலைக்குக் கிடைக்கிறது. இலவசமான பல்ஸ்வியூ மென்பொருளில் அது வெகு நன்றாக வேலை செய்யும். அதற்கு எல்லாமே ஒன்று அல்லது சுழியம்தான், இடையில் உள்ளது தெரியாது. நீளமான கம்பியில் ஐ2சி விளிம்பு சுறா மீனின் துடுப்பைப் போல மெல்ல ஏறுவதைக் காட்ட ஆசிலாஸ்கோப்தான் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு வேலைமேசை.

இப்போது வரும் குறைந்த விலைக் கருவிகளில் 12 பிட் வகைகள் என்னைக் கவர்கின்றன. ரிகோல் டிஎச்ஓ804, சிக்லென்ட் எஸ்டிஎஸ்804எக்ஸ் எச்டி இரண்டுமே நான்கு சேனல், 70 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் முறையே 25 மில்லியன், 50 மில்லியன் புள்ளிகள். பழைய 8 பிட் கருவி திரையின் உயரத்தை 256 படிகளாகப் பிரிக்கிறது, 12 பிட் கருவி 4096 படிகளாக. திரை முழுக்க 8 வோல்ட் விரித்து வைத்தால் 8 பிட்டில் ஒரு படி 31 மில்லி வோல்ட், 12 பிட்டில் 2 மில்லி வோல்ட். மின்வழங்கியின் சிற்றலையைத் துருவிப் பார்ப்பவருக்கு இது பேண்ட்வித் இரட்டிப்பாவதைவிடப் பெரிய பரிசு. வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: விநாடிக்கு எத்தனை புள்ளிகள் அளக்கிறது என்று அறிவிக்கப்படும் மாதிரியெடுப்பு வேகம் பெரும்பாலும் ஒரே ஒரு சேனலுக்கானது. என்னுடையதில் ஒன்றைத் திறந்தால் விநாடிக்கு 1000 மில்லியன், நான்கையும் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் 250 மில்லியன்.

சுற்றைத் தொட்டு அளக்கும் புரோப்பையும் மறக்காதீர்கள். அதன் பிடியில் உள்ள சிறு சுவிட்ச் 1-இல் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்த கருவியும் ஏறக்குறைய 6 மெகாஹெர்ட்ஸ் கருவியாகச் சுருங்கிவிடும். 10-இல் வைத்து, கருவியின் முகப்பில் வரும் ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை மாட்டி, முனை தட்டையாகும்வரை திருகைச் சரிசெய்யுங்கள். வேகமான விளிம்புகளைப் பார்க்கும்போது முதலைக்கவ்வியோடு வரும் நீளமான கிரவுண்ட் கம்பியைக் கழற்றிவிட்டு, கூடவே தரும் குட்டி ஸ்பிரிங்கைப் பயன்படுத்துங்கள். சுற்றில் இல்லாத நடுக்கங்கள் பாதி மறைந்துவிடும்.

அந்தக் கிரவுண்ட் கவ்வியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். மேசை மேல் வைக்கும் பெரும்பாலான ஆசிலாஸ்கோப்களில் அது மூன்று முள் பிளக்கின் எர்த்தோடு நேரடியாக இணைந்திருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சார்ஜரைத் திறந்து, வீட்டு மின்சாரம் நேரடியாக வரும் பக்கத்தில் கவ்வியை மாட்டினால் நேரடிக் குறுக்குச் சுற்று. அதைத் தவிர்க்கிறேன் என்று பிளக்கின் எர்த்தைத் துண்டிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கருவியின் உலோகப் பாகங்களே 230 வோல்ட்டில் நிற்கக்கூடும், தொட்டால் உயிருக்கு ஆபத்து. அந்த மின்சாரப் பக்கத்தை அளப்பதற்கென்றே டிஃபரன்ஷியல் புரோப் இருக்கிறது. அதை வாங்கப் பணம் சேரும்வரை அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆசிலாஸ்கோப் வாங்கித் தரும் பெற்றோர் இந்த ஒன்றையாவது முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வரி விஷயத்தில் பழைய கணக்கு இன்னும் சிலர் மனத்தில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தபாலில் தருவித்தால் 400 வெள்ளிவரை பொருள் சேவை வரி இல்லை என்பது 2022-உடன் முடிந்தது. 2023 ஜனவரி முதல் குறைந்த விலைப் பொருள்களுக்கும் வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. எனவே விலைகளை வரியோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு சிறியதாக இருந்தால் இங்கேயே உள்ள விற்பனையாளரிடம் வாங்குவதையே நான் விரும்புவேன். பழுதானால் ரயிலேறிப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வரலாம்.

அக்கா மகள் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் கடைசியில் வாங்கியது ஹான்டெக் டிஎஸ்ஓ2சி10. இரண்டு சேனல், 8 மில்லியன் புள்ளி நினைவகம். இன்னும் கொஞ்சம் சேர்த்து நான்கு சேனல், 12 பிட் வாங்கு என்றேன், கேட்கவில்லை. "எனக்கு இரண்டு போதும் மாமா, மூன்றாவது கம்பிக்கு லாஜிக் அனலைசர் இருக்கிறது" என்கிறாள். கடையில் அவள் முதலில் கேட்டது நினைவகத்தைப் பற்றி என்பதால் நான் அதிகம் வாதாடவில்லை. ஆனால் அடுத்து அவள் செய்யப்போவது பிரஷ்லெஸ் மோட்டார் கட்டுப்பாடு. அதில் மூன்று கம்பிகளிலும் ஒரே நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும், அங்கே ஒன்றும் சுழியமும் போதாது என்கிறேன் நான். இரண்டிரண்டாக அளந்து சேர்த்துப் பார்த்துக்கொள்வேன் என்கிறாள் அவள்.